நூலக அட்டைக்கு ஜாமீன்

நூலகத்து வாசலில் அந்தக் கம்பிக் கதவைப் பொருத்திக்கொண்டிருந்த அன்றைக்கே நான் சொன்னேன், இது நமக்கு நல்லதுக்கில்லை என்று. யார் கேட்டார்கள்? "உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்தான்" என்று அண்ணி என் வாயை அடைத்துவிட்டாள்.

அண்ணி என்றால் கூடப்பிறந்தவன் பெண்டாட்டி இல்லை. பெரிய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பக்கச்சுவரில், கார்கள் இறங்குகிற சரிவை ஒட்டி, இரண்டு ஷட்டர் கடைகள். ஒன்றில் நான் தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பேன். கிழிந்ததைத் தைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பேண்ட் காலைக் குறைப்பது, இவ்வளவுதான் என் பிழைப்பு. பக்கத்துக் கடை இஸ்திரிக்காரருக்கு. அவரை நான் அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்து எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. அதனால் அவர் மனைவி எனக்கு அண்ணி, அவர்களுடைய ஒரே மகளுக்கு நான் அத்தை. அந்தப் பெண் படித்துப் பட்டம் வாங்கின பிறகும் எல்லோருக்கும் பாப்பாதான்.

கட்டடத்துக்காரர்கள் அண்ணனுக்கு மடிப்பு என்று பேர் வைத்திருந்தார்கள். "இத மடிப்புகிட்ட குடுத்துட்டு வா" என்று பிள்ளைகளை அனுப்புவார்கள். அண்ணனுக்கு அதில் வருத்தம் கிடையாது, உள்ளுக்குள் ஒரு பெருமைகூட உண்டு. சட்டை அவர் கைக்கு வந்தால் முதலில் பொத்தான்களைத் தடவிப் பார்ப்பார், அறுந்திருந்தால் என் பக்கம் வீசுவார். காலர், தோள், கை, முன்பக்கம், முதுகு. அந்த வரிசை ஒருநாளும் மாறாது. எந்த வீட்டுத் துணி எது என்று தெரிய, நான் வெட்டிப்போடும் நூல் துண்டுகளை அண்ணி பொறுக்கி ஒவ்வொன்றிலும் முடிந்து வைப்பாள். நாலாம் மாடிக்குச் சிவப்பு. கசங்கின எதையும் யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்பது அண்ணனின் பிடிவாதம். சாப்பாட்டு டப்பா சுற்றி வந்த துணியைக்கூடத் தேய்த்துத்தான் மடிப்பார்.

நாங்கள் எல்லோரும் இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம். கீழே சாக்கடைக் கால்வாய், மேலே பாலம், பாலத்தோடு நகர எல்லை முடிந்தது. குப்பை வண்டி பாலம் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். விடிந்ததும் கடந்து வருவோம், இருட்டினதும் கடந்து போவோம். அண்ணன் வீடு ஒற்றை அறை. பக்கத்துச் சுவரில் தகரப் பட்டறை, பொழுதன்னைக்கும் சம்மட்டிச் சத்தம். அந்தச் சத்தத்தில் மனுஷன் சோறு தின்பதே பெரிய காரியம், படிப்பது எங்கே? அதனால்தான் பாப்பா எங்களோடு காலையில் கிளம்பி வந்து நூலகத்தில் உட்கார்ந்துவிடுவாள். அரசு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆள் எடுக்கப்போகிறார்கள், அதற்கு ஒரு தேர்வு. அந்தத் தேர்வுக்கான தடித்தடிப் புத்தகங்கள் நூலகத்தில் இருந்தன. வெளியே தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். விலைக்கு வாங்குகிற புத்தகமா அதெல்லாம்? அண்ணன் மாசம் பூரா தேய்த்தாலும் ஒரு அட்டைதான் வாங்கலாம், உள்ளே இருக்கிற காகிதத்துக்கு இன்னொரு மாசம் தேய்க்கணும் என்று நானே கேலி பண்ணியிருக்கிறேன்.

கதவு பொருத்தி முடித்த மறுநாள் பாப்பா போன வேகத்தில் திரும்பி வந்தாள். வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது.

"என்னடி, இன்னைக்கு நூலகம் லீவா?"

"லீவு இல்ல அத்தை. அட்டை காட்டினாத்தான் கதவு திறக்குமாம். எனக்கு முன்னாடி போனவரு காட்டினாரு, விலகிச்சு. நான் அவரு பின்னாலயே நுழையப் பாத்தேன். கதவு கத்த ஆரம்பிச்சிடுச்சு. எல்லாரும் திரும்பி என்னையே பாத்தாங்க."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அட்டை ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு. இதுக்கு ஏம்மா மூஞ்சியத் தொங்கப்போடுற?"

அட்டை வாங்க நானும் அண்ணியும் பாப்பாவும் போனோம். அண்ணனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் எவரைக் கண்டாலும் "சரிங்க சரிங்க" என்று குனிந்துவிடுவார். வாய் வேண்டிய இடத்துக்கு வாய் உள்ளவள்தானே போக வேண்டும்?

கவுண்டரில் ஒரு பெண், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் கைக்குட்டை. ஜலதோஷம் பிடித்திருந்தது. கரண்ட் பில்லை வாங்கிப் பார்த்தாள்.

"இது எல்லைக்கு வெளிய இருக்கே. இங்க வசிக்கிறவங்களுக்குத்தாம்மா அட்டை."

"விடிஞ்சா நாங்க இங்கதாம்மா இருக்கோம்" என்றாள் அண்ணி. "ராத்திரி தூங்க மட்டுந்தான் அங்க போறோம்."

"தூங்குற இடத்தத்தான் வீடுன்னு எழுதுவாங்க. நானா சட்டம் போட்டேன்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "முந்தாநேத்து வரைக்கும் இந்தப் பொண்ணு இங்கதானே உக்காந்து படிச்சா? அப்பல்லாம் எங்க தூங்குறேன்னு கேட்டீங்களா?"

"அப்பக் கதவு இல்லையேம்மா." அவள் தும்மினாள். "கோவிச்சுக்காதீங்க. வெளியாளுக்கும் அட்டை உண்டு. நகரத்துக்குள்ள சொந்த வீடு இருக்கிற ஒருத்தர் ஜாமீன் கையெழுத்து போடணும். புத்தகம் தொலைஞ்சாலோ கிழிஞ்சாலோ அவங்கதான் பொறுப்பு."

"கொலைக் கேஸுக்குத்தான் ஜாமீன் கேப்பாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றேன். பாப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பி வரும்போது அண்ணிக்கு ஒரே சந்தோஷம். "ஒரு கையெழுத்துதானேடி. கட்டடம் பூரா நமக்குத் தெரிஞ்சவங்கதானே. எத்தனை வருஷமா அவங்க உடுத்துறது பூரா நம்ம கைப்பட்டுத்தானே போகுது?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பொய் எதற்குச் சொல்ல வேண்டும்?

முதல் மாடி ரிட்டயர்டு ஆபீசர் ஜாமீன் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, வீடு மகன் பேரில் இருக்கிறது என்று சொன்னார். மகனைக் கேட்டால் அவன் அப்பாவைக் கைகாட்டினான். இரண்டாம் மாடி வக்கீல், "எதுலயும் கையெழுத்து போடாதேங்கிறதுதான் நான் எல்லாருக்கும் குடுக்கிற யோசனை, நானே போடலாமா?" என்று சிரித்தார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். கீழே வந்ததும் அந்த வக்கீலின் கறுப்புக் கோட்டை எடுத்து, எப்போதும் போலவே பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லாத் தேயுங்க. நாலு மடிப்பு கூடவே வெச்சுக் குடுங்க."

"துணி என்ன பண்ணிச்சும்மா?" என்றார் அண்ணன்.

கடைசியில் நாலாம் மாடி அம்மா. பெரிய வீடு, பால்கனி நிறையச் செடி. புருஷன் வெளிநாட்டில் வேலை, மகன் வேறு ஊரில். அந்த அம்மா விஷயத்தைக் கேட்டதும் காகிதத்தை வெடுக்கென்று வாங்கினாள்.

"ஐயோ, இதுக்கா இவ்வளவு தயங்கினீங்க? படிக்கிற பொண்ணு. பேனா குடுங்க முதல்ல."

நின்ற நிலையிலேயே கையெழுத்து போட்டுக் கொடுத்தாள். வீட்டு வரி ரசீது நகலும் தந்தாள். அண்ணிக்குக் கை கால் ஓடவில்லை. அன்றைக்கு மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு அவித்த முட்டை. அந்த அம்மாவை நானும் வாயார வாழ்த்தினேன். வாழ்த்தின வாயைத் தைக்க என்னிடம் ஊசியும் நூலும் இருந்தது, அன்றைக்கே தைத்திருக்கலாம்.

காகிதத்தை நூலகத்தில் கொடுத்ததும் மெஷினிலிருந்து ஒரு சீட்டு வந்தது. கடைகளில் பில் வருமே, அந்த மாதிரி வழவழப்புச் சீட்டு. அட்டை தயாரானதும் இந்தச் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். தொலைத்துவிடக் கூடாது என்று அண்ணி அதைச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்த மணிபர்ஸில் சொருகினாள். வெயில் காலம், வியர்வை. அட்டை வாங்கப் போகிற அன்று காலையில் எடுத்துப் பார்த்தால் சீட்டு கசங்கி நசுங்கிக் கிடக்கிறது.

"இத எப்படிடி அவங்ககிட்ட நீட்டுறது?" என்றார் அண்ணன்.

"எழுத்து தெரியுதுப்பா. அது போதும்" என்றாள் பாப்பா.

"போதும்னா? ஆபீஸ்ல குடுக்கிறது. இவ்வளவு கசங்கலாவா? இஸ்திரிக்காரன் பொண்ணுன்னு வேற தெரியும்."

அவர் அதைப் பலகை மேல் விரித்தார். நேரே வைக்கவில்லை, அவ்வளவு விவரம் இல்லாதவர் இல்லை. பட்டுக்கு வைக்கிற சூட்டுக்குத் திருகிக் குறைத்து, மேலே மெல்லிய வெள்ளைத் துணி போட்டு, ஒரே ஒரு இழுப்பு. துணியைத் தூக்கினார்.

சீட்டு கரிக்கட்டையாக இருந்தது. எரியவில்லை, தீய்ந்த வாசனை இல்லை, புகை இல்லை. எழுத்து இருந்த இடம், இல்லாத இடம், எல்லாம் ஒரே கறுப்பு. மொடமொடவென்று, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், அழகாக நீட்டிக்கொண்டு கிடந்தது.

"என்னங்க இது?" என்று அண்ணி அலறினாள்.

"சூடே இல்லடி. தொட்டுப் பாரு. சூடே வைக்கல நான்."

"எதைப் பாத்தாலும் தேய்ச்சே ஆகணுமா உங்களுக்கு? அந்தக் கை சும்மாவே இருக்காதா?"

அண்ணன் ஈரத்துணியால் அந்தக் கறுப்பைத் துடைத்துப் பார்த்தார். கறையெடுக்கிற மருந்தை எடுத்து ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தார். அதெல்லாம் சூடு பட்டாலே கறுத்துப்போகிற ஜாதிக் காகிதமாம், பாப்பா மெதுவாகச் சொன்னாள். "பரவாயில்லப்பா, போய்ச் சொல்லிக்கலாம்" என்றாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை அந்தப் பெண். திட்டியிருந்தால் அண்ணனுக்கு ஆறியிருக்கும். அன்றைக்குப் பூரா அவர் யாரோடும் பேசாமல் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

நூலகத்துப் பெண் கறுப்புச் சீட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு, பாவம். ஆனால் சீட்டு நம்பர் இல்லாமல் அட்டையை வெளியாள் கையில் கொடுக்க முடியாதாம். ஜாமீன் போட்டவர் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

ஆக, அண்ணனும் அண்ணியும் நாலாம் மாடி அம்மாவிடம் மறுபடியும் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். அந்த அம்மா இந்த முறை பேனா கேட்ட வேகத்தில் எழுந்திருக்கவில்லை. வேலைக்காரி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள், வீடு போட்டது போட்டபடி கிடக்கிறது, வெயிலில் வெளியே போனால் தலைவலி வருகிறது. எல்லாம் சொல்லிவிட்டு, மறுநாள் காரில் பாப்பாவை ஏற்றிக்கொண்டு போனாள். கவுண்டரில் கையெழுத்து போட்டு அட்டையை வாங்கினாள். வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பாப்பா வந்து சொன்னது இது: "எங்கிட்டயே இருக்கட்டும்மான்னாங்க அத்தை. ஒரு சீட்டையே பத்திரமா வெச்சுக்கத் தெரியலையே உங்களுக்கு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலையிலதானே விழும், காலைல வந்து வாங்கிட்டுப் போ, சாயங்காலம் குடுத்துடுன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். வேற என்ன சொல்ல?"

"அதுவும் நியாயந்தானே" என்றார் அண்ணன். சீட்டைத் தேய்த்தது அவர் கை. அவர் வாயிலிருந்து வேறென்ன வரும்?

முதல் இரண்டு நாள் பாப்பா மாடிக்குப் போனதும் அட்டையோடு இறங்கி வந்துவிட்டாள். அப்புறம் ஒருநாள் கொஞ்சம் நேரம் ஆயிற்று. துணி காயப்போட ஒரு கை கொடுக்கச் சொன்னார்களாம். இன்னொரு நாள் காய்கறி நறுக்கினாளாம். அந்த அம்மா ஒருநாளும் "செய்" என்று சொன்னது கிடையாது. "வந்துட்டியா பாப்பா, உக்காரு, இதோ இந்தப் பாத்திரத்த மட்டும் கழுவிட்டு அட்டைய எடுத்துத் தரேன், எனக்கு இடுப்பு வேற பிடிச்சுக்கிச்சு" என்பாளாம். பெரியவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாத்திரம் கழுவும்போது சின்னப்பெண் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பாப்பாவை அப்படி வளர்க்கவில்லை அண்ணி. அதுதான் வினை.

நூலகத்தில் நாற்காலிகள் காலையிலேயே நிரம்பிவிடும். அந்தத் தடிப்புத்தகங்களில் ஒவ்வொன்றும் ஒரே பிரதிதான். முதலில் வந்தவன் எடுத்துக்கொண்டால் அன்றைக்கு அது அவனுக்கு. பாப்பா போய்ச் சேரும்போது புத்தகம் வேறு எவனோ ஒருத்தனின் முழங்கைக்குக் கீழே இருக்கும். அவள் ஜன்னலோரம் நின்று, தன் நோட்டில் எழுதி வைத்த பழையதையே திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு வருவாள். அட்டையைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கப் போனால் அங்கே இன்னொரு சுற்று வேலை காத்திருக்கும்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மழை வந்தால் இஸ்திரிக் கடைக்கு வேலை இரட்டிப்பு. எல்லா வீட்டுத் துணியும் நமத்துப்போய் வரும், பெட்டியை வைத்தால் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். கடைக்குள் சோறு வேகிற அடுப்படி மாதிரிப் புழுக்கம். அண்ணியின் தோள் இரண்டும் மூட்டை சுமந்து சுமந்து இறங்கிப்போயிருந்தது. முன்னெல்லாம் பாப்பா வந்து கைகொடுப்பாள். இப்போது அவள் மாடியில் கைகொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது நான் அவள் கையைப் பார்த்தேன். சோப்புத்தூள் அரித்து விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"அண்ணே, உங்க மக கைய ஒரு தடவ பாருங்க."

அவர் பார்த்தார். பார்த்துவிட்டு டப்பாவில் குனிந்துகொண்டார். "என்ன பண்ணச் சொல்ற? கேட்டதும் கையெழுத்து போட்டவங்க. அவங்க மூஞ்சில எப்படி முறிச்சுப் பேசுறது?"

"கையெழுத்து போட்டாங்க, சரி. அதுக்குன்னு பொண்ண எழுதியா குடுத்துட்டீங்க?"

"வாயக் கழுவு" என்றாள் அண்ணி. "ஜாமீன வாபஸ் வாங்கிட்டா அந்த இத்துனூண்டு நேரமும் போயிடும். தேர்வு வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு ஓட்டிடலாம்."

என்னால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாலாம் மாடியில் திரைச்சீலை ஓரம் அடிக்கக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நானே போனேன். பாப்பா பால்கனியில் தொட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த அட்டைய அவகிட்டயே குடுத்துடுங்களேன். காலைல நேரா நூலகத்துக்குப் போயிடுவா" என்றேன். நல்லபடியாகத்தான் கேட்டேன்.

அந்த அம்மா முகம் சுருங்கிவிட்டது. "ஏன், நான் தரமாட்டேன்னு என்னைக்காவது சொன்னேனா? தினமும் எடுத்துத் தரேனே."

"வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் தர்றீங்க."

"வேலையா? அவளா ஆசைப்பட்டு ரெண்டு காரியம் செய்யறா. வேலைக்காரி மாதிரியா நடத்துறேன் அவள? நாங்க குடிக்கிற கப்புலதான் டீ குடுக்கிறேன். கேட்டுப் பாரு. பாப்பா, நீயே சொல்லும்மா, நான் உன்ன வேலை வாங்குறேனா?"

பாப்பா மண்ணான கையோடு உள்ளே வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"இல்லம்மா" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அன்று சாயங்காலமே அந்த அம்மா கீழே வந்து, உங்க டெய்லர் என் வீட்டுக்குள்ள வந்து என்னையே கேள்வி கேக்கிறா, நல்லது செஞ்சா இதுதான் கிடைக்கும் என்று அண்ணனிடம் குறைப்பட்டாள். அண்ணன் கும்பிட்டுக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். எனக்காக அவர் மன்னிப்புக் கேட்டதுதான் எனக்குப் பெரிய அவமானம். நான்கு நாள் நான் அவரோடு பேசவில்லை. பொத்தான் அறுந்த சட்டைகளை அவரே அண்ணியிடம் கொடுத்து என் பக்கம் தள்ளச் சொன்னார்.

தேர்வு நெருங்கிவிட்டது. பாப்பா ஒரு தாளில் தான் இன்னும் படிக்காத பாடங்களை எழுதி, படித்ததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தாள். அடிக்காததுதான் அதிகம். "இனிமே முழு நாளும் உக்காந்தா முடிச்சிடலாம் அத்தை, நாளைக்கு மாடி அம்மாகிட்ட நானே வாய்விட்டுக் கேட்டுடப்போறேன்" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மறுபடி சிரித்த முகமாக ஆகியிருந்தாள்.

மறுநாள் கேட்பதற்கு அந்த அம்மா இல்லை. மகன் வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்து விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள். போகும்போது வாசல் காவல்காரரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, பாப்பாவிடம் சேர்க்கச் சொல்லியிருந்தாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம், ஜன்னல்களைத் திறந்து மூட வேண்டுமாம்.

பாப்பா சாவியோடு மேலே ஓடினாள். அட்டை மேஜையில் இல்லை, வழக்கமாக வைக்கிற தட்டிலும் இல்லை. போன் போட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஐயோ, மறந்தே போச்சு பாரு" என்றது அந்த அம்மாவின் குரல். "கைப்பையில இருந்தத எல்லாம் எடுத்து அலமாரில வெச்சுப் பூட்டினேன், அதோட அதுவும் போயிருக்கும். அலமாரிச் சாவி எங்கிட்ட வந்துடுச்சே. பத்திரமா இருக்கு, கவலப்படாத."

"எப்ப வருவீங்கம்மா?"

"குழந்தைக்குச் சரியாகணும்ல? ஏன், வீடு சும்மாத்தானே இருக்கு, அங்கயே உக்காந்து படி. ஃபேன் போட்டுக்கோ. யாரு உன்ன வேண்டாம்னு சொல்லப்போறா?"

போனை வைத்துவிட்டு பாப்பா அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு உதை விட்டால் கதவு கழன்றுவிடும் போலிருந்தது.

"கத்தரிக்கோல் கொண்டு வரேன், நெம்பித் திறந்துடலாம்டி. வந்தப்புறம் என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம் அத்தை. உள்ள நகை இருக்கும். அப்புறம் திருடின்னு பேராகும். அப்பா தாங்கமாட்டாரு."

வீட்டையே நம்பிக் கொடுத்துவிட்டுப் போனாளே அந்த மகராசி, ஒரு அட்டையை நம்பிக் கொடுக்க முடியவில்லையே! நான் கத்தினேன். காலி வீட்டில் கத்தி என்ன புண்ணியம்?

நூலகத்துக்கு ஓடினோம். அந்தக் கவுண்டர் பெண் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்தாள். வேறு அட்டை போட வேண்டுமென்றாலும் ஜாமீன்தாரர் வர வேண்டுமாம். "இன்னைக்கு ஒரு நாள் என் அட்டையக் காட்டி விடறேன், உள்ள போ" என்று மெதுவாகச் சொன்னாள். அன்று பாப்பா விளக்கை அணைக்கிற வரை இருந்து படித்துவிட்டு வந்தாள். மறுநாள் அந்தப் பெண்ணுக்கு மேலதிகாரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் தலையைத் தூக்கவே இல்லை. அவளையும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் தேர்வு வரைக்கும் பாப்பா நாலாம் மாடியில்தான் உட்கார்ந்திருந்தாள். பெரிய மேஜை, சத்தமில்லாத அறை, நல்ல வெளிச்சம். எல்லாம் இருந்தது, புத்தகம்தான் இல்லை. நோட்டில் இருந்ததைப் படித்தாள், விரிசல் விட்ட போனில் தேடிக் கிடைத்ததைப் படித்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அந்த வீட்டுத் தரையை ஒருநாள்கூடப் பெருக்காமல் விடவில்லை.

தேர்வு எழுதினாள். முடிவு வந்தபோது பேர் இல்லை.

அன்றைக்கு அவள் என் மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "கேள்வி பூரா அந்தப் பெரிய புத்தகத்துலேருந்துதான் அத்தை வந்துச்சு" என்றாள். "எந்த அலமாரி, எந்தத் தட்டு, எல்லாம் தெரியும் எனக்கு. உள்ள என்ன எழுதியிருந்துச்சுன்னுதான் தெரியல."

அண்ணன் தேய்த்துக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை எடுக்கவில்லை. ஒரு சொட்டு சட்டையில் விழுந்தது, அதன் மேலேயே பெட்டியை வைத்து இழுத்தார்.

நாலாம் மாடி அம்மா திரும்பி வந்ததும் விஷயம் கேள்விப்பட்டுக் கீழே வந்தாள். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம்.

"என்ன பாப்பா, இப்படி ஆயிடுச்சே. மனசத் தளரவிடாத. அடுத்த தடவ பாத்துக்கலாம். அட்டைதான் இருக்கே, அதோட கெடு முடிஞ்சாலும் நானே மறுபடி கையெழுத்து போட்டுத் தரேன்."

பாப்பா முக்காலியிலிருந்து எழுந்தாள்.

"வேண்டாம்மா. அந்த அட்டைய நீங்களே வெச்சுக்கோங்க. நான் இனிமே மேல வரமாட்டேன்."

மெதுவாகத்தான் சொன்னாள். சபாஷ்டி என்று கத்த வாயைத் திறந்தேன்.

"பாத்தீங்களா?" என்றாள் அந்த அம்மா அண்ணனிடம். "இவளுக்காக நான் எத்தனை தடவ அலைஞ்சேன். சரி விடுங்க. கட்டடச் சங்கத்துக் கூட்டத்துல இந்தக் கடை ரெண்டையும் எடுத்துட்டு சைக்கிள் நிறுத்த இடம் விடணும்னு பேசுறாங்க. நான்தான் இத்தனை நாள் உங்களுக்காகப் பேசிட்டிருந்தேன். இனிமே எனக்கென்ன வந்துச்சு?"

பழப் பையை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். அதிலும் குறை வைக்கவில்லை.

அண்ணன் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். எங்கள் இருவர் கடையையும் ஒருமுறை பார்த்தார். அப்புறம் மகளிடம் வந்து, எதிரில் நின்று, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"போய் ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடும்மா."

"அப்பா."

"எனக்கு வேற கை வேலை தெரியாதும்மா. அத்தைக்கும் தெரியாது. போயிட்டு வா."

நான் பேசியிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் நீளுகிற என் வாய் அன்றைக்குத் திறக்கவே இல்லை. என் கடையும் அந்த இரண்டில் ஒன்று. அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாப்பா எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். நாலாம் மாடிக்குப் போக வேண்டிய துணி, சிவப்பு நூல் முடிந்தது, தேய்த்துத் தயாராக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

மன்னிப்புக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? மத்தியானச் சோறு ஆறிப்போயிற்று. அவள் இறங்கி வந்தபோது பாவாடை ஓரம் நனைந்திருந்தது, கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னடி சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. நாளைக்கு விருந்தாளி வர்றாங்களாம். விடிஞ்சதும் வரச் சொன்னாங்க."

"அட்டை?"

பாப்பா டப்பாவைத் திறந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். என் கேள்வி அவளுக்கு உடனே புரியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கொஞ்சம் யோசித்தாள்.

"கேக்க மறந்துட்டேன் அத்தை" என்றாள்.